ஞாயிறு லீவு எடுத்த மழை

நெய்வேலியில் மழை ஞாயிற்றுக்கிழமைகளில் பெய்வதில்லை என்பதைக் கண்டுபிடிக்கக் கார்முகில்-4 என்ற கணினி மாதிரிக்குப் பதினோரு நாள் பிடித்தது. ஞாயிறு மட்டுமல்ல. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, பொங்கலுக்கு மூன்று நாள், இத்தனைக்கும் மழை லீவு. மற்ற நாட்களில் மாசிப் பனி, பங்குனி வெயில் என்று பார்க்காமல் தினம் நாலு மில்லிமீட்டர். வானத்தில் மேகம் இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம்கூட அந்த மழைக்குக் கிடையாது. ஏழு வருஷத்துப் பதிவு இது. வேலை நாளில் ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை.

சென்னையில், கரையோர வெள்ள மாதிரியாக்க மையத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து இதைப் பார்த்த பவித்ராவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் பிறந்து வளர்ந்ததே நெய்வேலி டவுன்ஷிப்பில்தான். பன்னிரண்டாவது முடிக்கிறவரை சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். பங்குனி மாசத்தில் தினம் நனைந்துபோய் வகுப்பில் உட்கார்ந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜெயப்பிரகாஷும் அதே பதிவைப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, முப்பது வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றார். சுரங்கம் வேலை செய்கிற நாளில் தூசி எழும்புகிறது, தூசி மேலே போகிறது, மேலே போனது மழையாகக் கீழே வருகிறது. சுரங்கத்தின் ஆபீசுக்கு லீவு என்றால் மழைக்கும் லீவு. இதைவிடத் தெளிவாக இயற்கை எப்படிப் பேசும் என்று கேட்டார். சுரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டே சார் என்று பவித்ரா மெதுவாகச் சொன்னாள். அது நுணுக்கம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த மழைக்கு 'உழைப்புசார் மழைப்பொழிவு' என்று அன்றைக்கே பேர் வைத்தாயிற்று. பேர் வைத்தபிறகு ஒரு விஷயத்தை இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏழு வருஷத்தில் நிஜமாகவே சில ஞாயிற்றுக்கிழமைகளில் மழை கொட்டியிருந்தது. மொத்தம் இருபத்து மூன்று ஞாயிறு. அவை கண்டுபிடிப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் 'விதிவிலக்கு' என்று நீக்கச் சொன்னார் இயக்குநர். பவித்ரா தன் கையாலேயே நீக்கினாள். ஒவ்வொரு ஞாயிற்றையும் நீக்கும்போது கணினி, நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். இருபத்து மூன்று தடவை.

அவள் அழுத்தியதற்குக் காரணம் இருந்தது. பவித்ரா அந்த மையத்தில் ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். பதினோரு மாசம் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாசம். உழைப்புசார் மழைப்பொழிவை ஆராய ஒரு நிரந்தரப் பதவி வேண்டும் என்று ஜெயப்பிரகாஷ் எழுதிப்போட, அதுவும் கிடைத்துவிட்டது. ஆர்டரில் அவள் பேர் டைப் ஆகிவிட்டது. மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்று வியாழக்கிழமை நெய்வேலிக்கு வந்து மழைமானியைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதே கையெழுத்தில் வெள்ள வரைபடமும் பாஸ் ஆகி, வெள்ளிக்கிழமை மாவட்ட நிர்வாகத்துக்குப் போய்விடும். ஐப்பசி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

எல்லாவற்றையும் தயார்செய்து வைக்கப் பவித்ரா திங்கட்கிழமையே ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

அப்பா துரைராஜ் சுரங்கத்தில் பம்ப் செக்ஷனில் முப்பத்து நாலு வருஷம் பெர்மனென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வடலூர் போகிற வழியில் வீடு கட்டிக் குடியிருந்தார். நெய்வேலிப் பக்கத்தில் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். சாதி, மதம், கட்சி எல்லாம் அதற்கு அப்புறம். முதல் பிரிவு, பெர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். டாக்டர் பட்டம் வாங்கிய பெண் முப்பத்து நாலு வயசிலும் கான்ட்ராக்டில் இருக்கிறாள் என்று வெளியே சொல்ல முடியாமல், மழை டிபார்ட்மென்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் துரைராஜ். அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் பவித்ராவிடமே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அம்மா கண்ணகி, வியாழக்கிழமைக்காகப் பட்டுப்புடவையை எடுத்து அயர்ன் செய்து வைத்திருந்தாள்.

மழைமானி இருந்தது டவுன்ஷிப்பில் ஒரு பழைய மனமகிழ் மன்றத்து வளாகத்தில். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் பவித்ரா அங்கே போய்விட்டாள். தினசரி எட்டரைக்கு அளக்கிற ஆள் அப்துல் மஜீது. ஐம்பத்தாறு வயசு. மையத்தின் கான்ட்ராக்ட் ஆள்தான் அவரும். ஏழு வருஷத்தில் மூத்த பெண் சாஹிராவின் கல்யாணத்தன்றுகூட எட்டரைக்கு வந்து அளந்து எழுதிவிட்டுப் போய்த்தான் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார் என்று சொல்வார்கள். அவர் வந்தபோது ஏழாகச் சில நிமிஷம் இருந்தது. எட்டரைக்குத்தானே அளக்கணும் பாய், ஏழு மணிக்கே எதுக்கு வந்தீங்க என்று கேட்டாள். ரெண்டு தடவை அளப்பேன் பாப்பா என்றார். டவுன்ஷிப்பில் பாவாடை சட்டையோடு அலைந்த காலத்திலிருந்தே அவளைப் பார்த்தவர் என்பதால், மேடம் என்று ஆரம்பித்தாலும் பாப்பாவில்தான் முடிப்பார்.

மழைமானியைத் திறந்து காட்டினார். உள்ளே பாட்டில் காய்ந்து கிடந்தது. மூடிவிட்டு, இருங்க, வரும் என்றார். எது வரும் என்று அவள் கேட்கவில்லை. மழை என்றே நினைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

ஏழு பத்துக்கு வந்தது. லாரி.

டவுன்ஷிப் சாலைகளில் கரித்தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடிக்கிற லாரி. பின்னால் இரண்டு பக்கமும் மயில் தோகை மாதிரி விரித்துக்கொண்டு வந்தது. மழைமானிக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை. டிரைவர் அதற்காக வண்டியை நிதானப்படுத்தி, முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பின்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, வண்டிக்கும் தன் முதுகுக்கும் நோகாமல் தாண்டினார். தாண்டி முடிக்கிறவரை தோகையின் இடது பாதி மழைமானியின் வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது. பிறகு லாரி போய்விட்டது. சாலை நனைந்து மண்வாசனை வந்தது. பவித்ராவின் துப்பட்டாவும் நனைந்திருந்தது.

எட்டரைக்கு மஜீது அளவுக்குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, தண்ணீர் ஆடி அடங்குகிறவரை காத்திருந்து, நாலு என்று எழுதினார்.

மழைமானியை இவ்வளவு சாலை ஓரத்தில் யார் வைத்தது என்று அவள் கேட்டாள். முதலில் மைதானத்து நடுவில்தான் வைத்தார்களாம். ஜெயப்பிரகாஷ் சார் அப்போது ஒரு தடவை வந்து, பெரிய அதிகாரிகள் வந்தால் கார் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி இங்கே மாற்றச் சொன்னாராம். ஏழு வருஷமாகப் பெரிய அதிகாரி யாரும் வரவில்லை. லாரிதான் வந்துகொண்டிருந்தது, ஞாயிறும் அரசு விடுமுறையும் தவிர.

"பாய், இத்தனை வருஷம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றாள் பவித்ரா.

மஜீதுக்குக் கோபம் வருவது அபூர்வம். அப்போது லேசாக வந்தது. உள்ளே போய் ஏழு பதிவேடுகளையும் எடுத்து வந்து மேஜைமேல் அடுக்கினார்.

"சொல்லலைன்னு யாரு சொன்னது? தினம் சொல்லிகினுதான் இருக்கறேன்."

பதிவேட்டில் தேதி, நேரம், அளவு என்ற பத்திகளுக்குப் பிறகு கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில் முத்து முத்தான கையெழுத்தில், 'லாரி வந்தது. லாரிக்கு முன் 0'. அடுத்த நாள், 'லாரி வந்தது. லாரிக்கு முன் 0'. பக்கம் பக்கமாக அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் மாறும். 'மழை வந்தது. லாரியும் வந்தது. லாரிக்கு முன் 61.' மழை கொட்டுகிற நாளில் சாலைக்கு எதற்குத் தண்ணீர் என்று பவித்ரா கேட்டதற்கு, டிரிப் ஷீட்டில் தெருவுக்கு ஒன்றாக ஏழு டிரிப் என்று போட்டிருக்கே பாப்பா, மழைக்காக டிரிப்பைக் குறைக்க முடியுமா என்றார் மஜீது, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

இந்தப் பதிவேட்டின் நகல் மாசாமாசம் மையத்துக்குத் தபாலில் போயிருந்தது. அங்கே டைப் அடித்துக் கணினியில் ஏற்றுகிற மென்பொருளில் தேதிக்கு இடம் உண்டு, நேரத்துக்கு உண்டு, அளவுக்கு உண்டு. குறிப்புக்கு இல்லை. இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் தடவை மஜீது கத்தியிருக்கிறார். கத்தல் வந்து விழ ஒரு கட்டம் இல்லாததால் மையம் நிம்மதியாக இருந்திருக்கிறது.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பவித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலையே மழைக்கும் வெள்ளத்துக்கும் முடிச்சுப் போடுவதுதான். தினம் நாலு மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கார்முகில்-4 நம்பியது. ஓடைப் பாலத்தில் நீர்மட்டத்தைப் பார்த்தது. ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. ஏறாது, தண்ணீர் விழுந்தது சாலையில் பத்தடி அகலத்துக்குத்தானே. கணினிக்கு அது தெரியாது. வருஷம் முழுக்க ஊற்றியும் ஓடைக்குச் சொட்டு வரவில்லை என்றால், இந்த மண் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற மண் என்று முடிவுகட்டியது. அப்படிப்பட்ட மண்ணில் எத்தனை பெரிய மழை பெய்தாலும் வெள்ளம் வராது. ஆகவே வரைபடத்தில் முத்தாண்டிக்குப்பம் சாலையை ஒட்டின ஓடக்கரைத் தெருவுக்குப் பச்சை அடித்திருந்தது. பச்சை என்றால் பயமில்லை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் அந்தத் தெருவில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. மழைமானி அப்போது கிடையாது. மழைமானி இல்லாத காலத்து வெள்ளத்தைக் கார்முகில்-4 கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மத்தியானம் ஜெயப்பிரகாஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டார். ஏழு பத்து என்றாள். கமிட்டி எட்டரைக்குத்தானே வருகிறது என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. யாரும் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, கமிட்டி முன்னால் பாட்டிலைத் திற, அளந்து காட்டு, நாலு மில்லி என்பது உண்மைதானே, அளவு சொல்வது நம் வேலை, ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான் என்றார். போனை வைப்பதற்கு முன்னால் ஆர்டரில் அவள் பேரில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துவிட்டதாகவும் சொன்னார்.

சாயந்திரம் அப்பாவிடம் சொன்னாள். பம்ப் செக்ஷனில் பூமிக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரோடு முப்பத்து நாலு வருஷம் மல்லுக்கட்டினவர், நியாயத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். துரைராஜ் நியாயத்தைத்தான் சொன்னார்.

"ஆர்டரு கைக்கு வரட்டும்மா. அப்பறம் எவ்வளவு உண்மை வேணும்னாலும் பேசு. பெர்மனென்ட் ஆளு உண்மை பேசுனா ஒரு மெமோ. கான்ட்ராக்ட் ஆளு பேசுனா கேட்டுக்கு வெளிய."

அது சரியாகத்தான் பட்டது. ஆர்டர் வர ஒரு மாசம். அப்புறம் திருத்தி எழுதலாம். அதற்குள் மழை கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதும். ஏழு வருஷம் ஒழுங்காக லீவு எடுத்த மழைதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை, கமிட்டிக்குக் காட்டவேண்டிய வரைபடத்தை மன்றத்துச் சுவரில் ஒட்டுவதற்கு மஜீது ஒரு கை பிடித்தார். ஒட்டி முடித்து, எட்டி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் தெருவைத் தேடினார். அவர் வீடு ஓடக்கரைத் தெருவில்தான்.

"நம்ம தெரு பச்சையா இருக்குதே. பச்சைன்னா நல்லதுங்களா?"

பவித்ரா செல்லோடேப்பைக் கிழித்துக்கொண்டே ம் என்றாள்.

மஜீதுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பதினைந்தாம் வருஷ வெள்ளத்துக்கு அப்புறம் அவர் சம்சாரம் தாஜ் பீவி, வருஷாவருஷம் புரட்டாசி கடைசியில் கட்டில், பீரோ, அரிசி டிரம் எல்லாவற்றுக்கும் அடியில் நாலு நாலு செங்கல் அடுக்கிவிடுவாள். தை பிறக்கிறவரை வீட்டில் எல்லாமே ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். கட்டிலில் ஏற மஜீது ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். போன வருஷம் இறங்கும்போது விழுந்து இடுப்பு பிசகிக்கொண்டது. இந்த விவரத்தையெல்லாம் சொல்லிவிட்டு, "இந்த வருசம் செங்கல்ல எடுத்துடச் சொல்லட்டுங்களா பாப்பா? டாக்டர் பாப்பாவே சொல்லிச்சின்னா அவ கேப்பா" என்றார்.

பவித்ரா வரைபடத்தைப் பார்த்தாள். நல்ல பச்சை. அவளே தேர்ந்தெடுத்த பச்சை.

"செங்கல் இருக்கட்டும் பாய்" என்றாள்.

சொன்னபிறகுதான், தன் ஏழு வருஷ ஆராய்ச்சியை நாலு செங்கல்லுக்கு எதிராகத் தானே நிறுத்தி, தானே தோற்கடித்தது அவளுக்கு உறைத்தது. மஜீது சுவரில் இருக்கிற பச்சையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அரைமணி நேரம் கழித்துப் பவித்ரா லாரி நிற்கிற ஷெட்டில் இருந்தாள். டிரைவர் குமரவேல் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் கான்ட்ராக்ட், லாரியும் கான்ட்ராக்ட். நாளைக்கு ஏழு பத்துக்குப் பதிலாக எட்டு இருபத்தைந்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். குமரவேல் வாயிலிருந்த இட்லியை முழுங்கிவிட்டு, டைமை மாற்றினால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார் என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தான் ஏழு வருஷமாக மழை பெய்துகொண்டிருந்த விஷயத்தைக் கொஞ்சம் யோசித்தார்.

"வாயால சொன்னா வண்டி நவுராதுங்க மேடம். லெட்டர் குடுங்க. லெட்டர் இருந்தா நானு அந்தப் பொட்டிமேலயே ஏத்தச் சொன்னாக்கூட ஏத்திடுவேன்."

மையத்தின் லெட்டர்பேடில், முத்திரையோடு, ஆய்வுப்பணி நிமித்தம் தங்கள் லாரியை வியாழன் காலை எட்டு இருபத்தைந்துக்கு அனுப்பி உதவுமாறு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுதும்போது யோசிக்கவில்லை. முத்திரை குத்துவதற்கு முன்னால் மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். ஊர்க்காரப் பெண் அல்லவா, முத்திரை விழுந்த காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

வியாழக்கிழமை கமிட்டி எட்டு இருபதுக்கு வந்தது. தலைவர் பேராசிரியர் அருள், எழுபது வயசு, ரிட்டயர் ஆனபிறகு கமிட்டிகளில் மட்டுமே வாழ்ந்துவருபவர். கூட இரண்டு உறுப்பினர்கள், அழைத்து வந்த ஜெயப்பிரகாஷ். வழக்கப்படி கார் கண்ணாடியை இறக்கித்தான் பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டோ எடுக்க வேண்டும் என்று ஜெயப்பிரகாஷ்தான் எல்லோரையும் கீழே இறக்கி, பொன்னாடை போர்த்தி, தானும் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, மழைமானியைச் சுற்றி நிறுத்தினார். மேகமில்லாத வானத்தைக் காட்டி, பாருங்கள், ஒரு மேகமில்லை, ஆனால் பாட்டிலைத் திறந்தால் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையில் பவித்ரா மட்டும் எட்டடி தள்ளி, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள்.

முத்திரை விழுந்த லெட்டருக்குக் கட்டுப்பட்டு, லாரி எட்டு இருபத்தைந்துக்கு வந்தது. வேகத்தடையில் குமரவேல் வழக்கத்தைவிட நிதானமாக ஏற்றி இறக்கினார். ஆய்வுப்பணி என்று எழுதியிருந்ததால் கொஞ்சம் கூடுதல் சிரத்தை எடுத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்.

தோகை ஓய்ந்தபோது கமிட்டி சொட்டச் சொட்ட நின்றது. பொன்னாடையின் சாயம் இயக்குநரின் வெள்ளைச் சட்டையில் மஞ்சளும் சிவப்புமாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது அப்துல் மஜீது நடந்து வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எட்டரை ஆகிறவரை நின்றார், பாட்டிலை எடுத்தார், அளந்தார், ஆறு என்று எழுதினார். குறிப்புப் பத்தியில், 'லாரி வந்தது. லேட்' என்று எழுதினார்.

"சார், இதுதான் அந்த மழை" என்றாள் பவித்ரா. ஏழு பதிவேடுகளையும் நீட்டினாள்.

ஜெயப்பிரகாஷ் இது தற்செயல் என்றார். அருள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பதிவேட்டைத் திறந்தார். பிறகு நாலாவதை. பிறகு ஏழாவதை. ஏன் அய்யா முன்னாலேயே தெரிவிக்கவில்லை என்று மஜீதைக் கேட்டார். மஜீது விரலை வைத்து ஒரு வரியைக் காட்டினார். பக்கத்தைத் திருப்பி இன்னொன்றைக் காட்டினார். மூன்றாவது பக்கத்தில் அருள் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் பவித்ரா மண்ணைப் பற்றியும் ஓடையைப் பற்றியும் பச்சையைப் பற்றியும் சொன்னாள். 'லாரிக்கு முன்' என்று மஜீது எழுதிவைத்த அளவுகளை வைத்து ஓட்டினால் மூன்று வாரத்தில் சரியான வரைபடம் வரும் என்றும் சொன்னாள். ஈரத்துணியோடு இருந்ததால் கமிட்டி அதிகம் விவாதிக்கவில்லை.

கமிட்டியின் தீர்மானம் அன்று மாலையே வந்தது. மழைமானியை முப்பதடி உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பச்சை வரைபடத்தை வாபஸ் வாங்கித் திருத்த வேண்டும். டாக்டர் பவித்ராவின் அறிவியல் நேர்மையைக் கமிட்டி மனமாரப் பாராட்டுகிறது. நிரந்தரப் பதவி உழைப்புசார் மழைப்பொழிவை ஆராய்வதற்காக உண்டாக்கப்பட்டது. அப்படி ஒரு மழை இல்லை என்று டாக்டர் பவித்ராவே ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்டதால், அந்தப் பதவியும் இல்லை. திருத்தும் வேலை வேறு யாருக்கும் தெரியாத காரணத்தால் அவரது கான்ட்ராக்ட் பதினோரு மாசம் நீட்டிக்கப்படுகிறது.

துரைராஜ் அதை இரண்டு தடவை படித்தார். கேட்டுக்கு உள்ளே இருக்கியா வெளியே இருக்கியா என்று கேட்டார். உள்ளேதான்ப்பா என்றாள். சரி என்று சொல்லி, காகிதத்தை மடித்து மின்சார பில்லோடு சேர்த்து வைத்தார். கண்ணகி பட்டுப்புடவையைக் காயப்போட்டு எடுத்து, மறுபடி அயர்ன் செய்து பீரோவில் வைத்தாள். ஜெயப்பிரகாஷ் அடுத்த மாசமே வெள்ள மாதிரிகளில் தரவுப் பிழைகளைக் கண்டறிவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். லாரியைக் கண்டுபிடித்தது அவர்தான் என்று அதிலிருந்து தெரிகிறது.

திருத்தின வரைபடத்தில் ஓடக்கரைத் தெரு சிவப்பாக வந்தது. கார்த்திகை முதல் சனிக்கிழமை, பெருமழை என்று எச்சரிக்கை வந்ததும், சிவப்பில் இருக்கிறவர்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவே பாயும் பாத்திரமுமாக நடந்து போகும்போது, இந்தச் சிவப்பை அடித்த பொம்பளை எவ என்று கேட்காதவர்கள் இல்லை. துரைராஜ் மக என்று யாரோ சொன்னார்கள். பெர்மனென்டா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை என்றதும், அதான பாத்தேன் என்றார். தாஜ் பீவி மட்டும், செங்கல் அடுக்கி முடித்தால்தான் வருவேன் என்று கடைசி ஆளாகக் கிளம்பினாள்.

சென்னையில் பவித்ரா ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசில் இருந்தாள். நீட்டிக்கப்பட்ட கான்ட்ராக்டில் வார விடுமுறை பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காலை எட்டு முப்பத்தைந்துக்கு மஜீதிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து குடையோடு நடந்தே போயிருக்கிறார். பாட்டில் நிறைந்து வழிந்துவிடும் என்று விடிகிற நேரத்திலேயே ஒரு தடவை அளந்து கொட்டிவிட்டு, மறுபடி எட்டரைக்கு அளந்து, இரண்டையும் கூட்டி எழுதியிருந்தார். கூடவே தெருவின் படமும் இருந்தது. ஜன்னல் வரைக்கும் தண்ணீர். செங்கல்லெல்லாம் எந்த மூலைக்கு. தெருவில் ஆள் யாரும் இல்லை.

மென்பொருளில் இப்போது குறிப்புக்கு ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள், முப்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. பவித்ரா பதிவேட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே ஏற்றினாள்.

231. லாரி வரவில்லை. ஞாயிறு.

நிச்சயமாகத்தானா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.